மயில்துத்தமும் மழையும்

வெற்றிலைக் கொடிக்கால், காபித் தோட்டம், பாக்குத் தோப்பு என்று எங்கே பாடுபட்டவராக இருந்தாலும் அவருக்குப் போர்டோ கலவையைத் தெரிந்திருக்கும். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியே கரைத்து ஒன்றாக ஊற்றியபின் இரும்புக் கத்தியை முக்கிப் பார்ப்பார்கள். கத்தியில் செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும் என்று அர்த்தம். அந்தப் பெயரில் உள்ள போர்டோ, பிரான்சின் தென்மேற்கில் இருக்கும் நகரம். உலகின் பேர்போன சிவப்பு ஒயின்களில் பல, அந்த நகரத்தைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களிலிருந்து வருகின்றன. 1882இல் அங்குள்ள சான் ஜூலியன் ஊர்ப்பக்கம் போன தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே, நோய் தாக்கிய ஒரு தோட்டத்தைப் பார்த்தார். உள்ளே கொடிகளெல்லாம் இலை உதிர்ந்து கிடக்க, சாலையோரத்து வரிசைகள் மட்டும் பச்சையாக நின்றன. வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துவிடக் கூடாது என்பதற்காக, பார்த்தாலே விஷம் என்று தோன்றும்படி ஓரத்துக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைப்பது அந்த வட்டாரத்து வழக்கம். திருட்டைத் தடுக்கத் தெளித்தது நோயையும் தடுத்திருக்கிறது. வேதியியலாளர் கயோனுடன் சேர்ந்து சோதித்துப் பார்த்து, 1885இல் மில்லார்டே அந்தக் கலவையை உலகுக்கு அறிவித்தார். நம் ஊர்க் கொடிக்கால் வரை வந்து சேர்ந்தது அதுதான்.

அந்த நோயின் பெயர் அடிச்சாம்பல் நோய். இலையின் மேற்புறத்தில் எண்ணெய் சிந்தியது போல மஞ்சள் திட்டு தோன்றும்; திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். பிறகு பிஞ்சுக் குலைக்கு இறங்கி அதைக் காய வைத்துவிடும். ஐரோப்பாவுக்கு இது சொந்த நோய் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரைத் தின்னும் பைலாக்சரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, அதைத் தாங்கக்கூடிய அமெரிக்கக் கொடிகளை வரவழைத்து அவற்றின் வேர்ப்பகுதியில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். வேர் பிழைத்தது. ஆனால் அமெரிக்கக் கொடிகளோடு சேர்ந்து அடிச்சாம்பல் நோயும் 1878 வாக்கில் வந்து இறங்கியது. மழையும் இளஞ்சூடும் சேர்ந்தால் போதும், ஒரு வாரத்தில் தோட்டத்தைச் சுற்றிவந்துவிடும். அட்லாண்டிக் கடற்காற்று படும் போர்டோவில் வசந்த காலமும் கோடைத் தொடக்கமும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதனால் அங்கே திராட்சை வளர்ப்பவர் எவரும் ஏதாவது ஒரு மருந்தைத் தெளிக்காமல் இருக்க முடியாது. எதைத் தெளிப்பது, எவ்வளவு தெளிப்பது, தெளித்தும் கேட்காத ஆண்டில் என்ன செய்வது என்பதே கேள்வி. குடும்பங்கள் நடத்தும் ஒயின் தோட்டங்களின் இயற்கை வேளாண்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மூலிகையையும் மண்புழுவையும் குதிரை ஏரையும் பற்றியே நிறையப் பேசுகிறார்கள். என் பார்வையில் அந்த வேளாண்மையின் மெய்யான தேர்வு மழை கெடுத்த ஆண்டில்தான் நடக்கிறது. அந்தத் தேர்வை இரண்டு முறை எழுதிய ஒரு குடும்பம் போர்டோவில் இருக்கிறது. முதல் முறை தவறியது. இரண்டாம் முறை தேறியது.

அதற்குமுன் அங்கே எதைக் கைவிட வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த புதிய மருந்துகள் இலையின் மேல் படிந்து நிற்காமல் செடியின் உடலுக்குள் ஊடுருவிப் பரவக்கூடியவை. மழை கழுவிக்கொண்டு போகாது. ஒருமுறை அடித்தால் பல நாள் காவல். களைக்கொல்லியும் வந்த பிறகு வரிசைகளுக்கிடையே களைக்கொத்து தேவைப்படவில்லை. பிரான்சின் விளைநிலத்தில் திராட்சைக்கு உள்ள பங்கு 3 சதவீதம் அளவுதான். ஆனால் நாட்டின் பூச்சி, பூசண மருந்துகளில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குச் செலவாகிறது என்பது அங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கணக்கு. கொடியின் தண்டு நோய்க்குச் சோடியம் ஆர்சனைட் என்ற ஆர்சனிக் உப்பைத் தெளிப்பது 2001 வரை அங்கே சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது. பயிர் மருந்துகளோடு ஆண்டுக்கணக்கில் பழகிய விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சன் நோயைத் தொழில்சார் நோய் என்று பிரான்ஸ் 2012இல் ஏற்றுக்கொண்டது. 2014 மே மாதம், போர்டோவுக்கு வடக்கே வில்நவ் என்ற சிற்றூரில், பள்ளிக்கூடத்தை ஒட்டிய தோட்டங்களில் மருந்தடித்தபோது 23 பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் உடல்நலம் கெட்டுப் போனார்கள். பத்தாண்டில் மருந்துப் பயன்பாட்டைப் பாதியாகக் குறைப்போம் என்று 2008இல் அரசு வகுத்த திட்டம் நிறைவேறவில்லை. கெடு தள்ளிப் போடப்பட்டது. ஒயின் குடிக்காதவருக்கும் இந்தப் பேச்சில் பங்கு உண்டு என்று நான் சொல்வது இதனால்தான். பாட்டிலுக்குள் இருப்பதைவிடத் தோட்டத்துக் காற்றில் இருப்பது அதிகம் பேரைத் தொடுகிறது.

மில்லார்டே நின்ற சான் ஜூலியனுக்கு அடுத்த ஊர் போயாக். கருந்திராட்சையான கேபர்னே சோவினியோனுக்கு உலகிலேயே பெயர்பெற்ற மண் என்று சொல்லத்தக்க சரளைக்கல் மேடுகள் அங்கே இருக்கின்றன. அந்த ஊரின் வடக்குப் பகுதியில், மூத்தோன் ரோத்சீல்ட் என்ற பெரும்பெயர்த் தோட்டத்துக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 81 ஹெக்டேரில், அதாவது 200 ஏக்கரில், ஷாத்தோ போந்தே கானே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போந்தே என்ற பிரபு வாங்கிச் சேர்த்த நிலம் இது. 1855இல் மூன்றாம் நெப்போலியன் நடத்திய பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்டோவின் தோட்டங்களை ஐந்து படிகளாக வரிசைப்படுத்தியபோது, இதற்கு ஐந்தாம் படி கிடைத்தது. அந்தப் பட்டியலில் இடம்பெற்ற தோட்டத்துக்கு இன்றும் தனி மதிப்பும் தனி விலையும் உண்டு. 1975இல் கொன்யாக் வணிகம் செய்துவந்த தெசெரோன் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1994 முதல் ஆல்ஃப்ரெட் தெசெரோன் அதை நடத்திவந்தார். அவர் பொறுப்பேற்றபோது தோட்டத்துக்குப் பெயர் இருந்த அளவுக்குப் புகழ் இல்லை. மண் நல்லது, ஒயின் சுமார் என்பதே பொதுப் பேச்சு.

தோட்ட மேலாளர் ழான் மிஷெல் கோம் 1989 முதல் அங்கே இருந்தார். மண்ணைக் கெடுத்துவிட்டு நல்ல பழம் எதிர்பார்க்க முடியாது என்பது அவருடைய உறுதி. அவருடைய வற்புறுத்தலால் 2004இல் 14 ஹெக்டேரில் மட்டும் சோதனை தொடங்கியது. களைக்கொல்லி, ரசாயன உரம், ஊடுருவும் மருந்து மூன்றும் நிறுத்தப்பட்டன. மறு ஆண்டே தோட்டம் முழுவதும் அந்த முறைக்கு மாறியது. போர்டோவின் தரப்பட்டியல் தோட்டங்களில் அந்த அளவில் அப்படிச் செய்தவர் அப்போது யாரும் இல்லை. டிராக்டரின் எடை மண்ணை இறுக்குவதைப் பார்த்து 2008 முதல் சில பகுதிகளில் பிரெத்தோன் குதிரைகளைப் பூட்டி உழுதார்கள். விளைச்சலைக் குறைத்துத் தரம் கூட்டுவதற்காகக் கோடையில் பச்சைக் குலைகளை வெட்டித் தள்ளுவது அங்குள்ள பெரிய தோட்டங்களின் வழக்கம். அதையும், குலைக்கு வெயில் படட்டும் என்று இலைகளைக் கிள்ளுவதையும் விட்டுவிட்டார்கள். குளிர்காலக் கவாத்தை மட்டும் கொடிக்குக் கொடி அதன் வலுவைப் பார்த்துச் செய்தால், தாங்கும் அளவுக்கு மட்டுமே கொடி காய்க்கும் என்றார் கோம். பழத்தைக் கையால் தரம்பிரித்து, தோட்டத்திலேயே உள்ள ஈஸ்டில் நொதிக்க விடுகிறார்கள். 2012 முதல் ஒயினில் ஒரு பங்கு ஓக் பீப்பாய்க்குப் பதிலாகத் தாழிகளில் முதிர்கிறது. அந்தத் தாழிகளின் காங்கிரீட்டில் கலந்திருப்பது அதே தோட்டத்துச் சரளையும் சுண்ணாம்புக் கல்லும். கேட்க அழகான செய்திகள் இவை. ஆனால் இவற்றை வைத்து மட்டும் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வெயில் நன்றாக அடித்த ஆண்டில் எல்லாத் தோட்டக்காரரும் இயற்கையின் நண்பர்கள்தான்.

2007 கோடை ஈரமாக இருந்தது. அடிச்சாம்பல் நோய் பரவியது. தோட்டம் மாறி மூன்றாவது ஆண்டு; இயற்கை வேளாண் சான்று முத்திரை கைக்கு வரும் நேரம். நாளுக்கு நாள் குலைகள் காய்ந்துகொண்டிருக்க, தெசெரோன் பயந்துவிட்டார். ரசாயன மருந்து அடிக்கச் சொன்னார். பயிர் பிழைத்தது. ஐரோப்பிய விதிப்படி, நீண்டகாலப் பயிர் நிற்கும் நிலம் இயற்கை வேளாண் சான்று பெற மூன்று ஆண்டு ரசாயனம் படாமல் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. 2010இல்தான் சான்று கிடைத்தது. அந்த முடிவுக்காகத் தான் வருந்துவதாகவும், இனி அப்படிச் செய்யப் போவதில்லை என்றும் அவர் வெளிப்படையாகவே சொல்லிவந்தார். இந்த வருத்தத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒளித்துவிட்டு மறு ஆண்டு விழா எடுத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனாலும் வருத்தம் வாய்ச்சொல்தான். அது உண்மையா என்று தெரிய இன்னொரு கெட்ட ஆண்டு வர வேண்டியிருந்தது.

2018இல் அது வந்தது. வசந்தம் முழுக்க மழை, ஜூனில் வெக்கை, நடுவில் ஆலங்கட்டி. போர்டோவில் பல ஆண்டுகளில் காணாத அளவுக்கு அடிச்சாம்பல் பரவியது. இங்கே, இயற்கை வேளாண்மையில் அனுமதிக்கப்படும் செம்பு மருந்தின் குறையைப் புரிந்துகொள்ள வேண்டும். போர்டோ கலவை இலையின் மேல் படிந்து நிற்கிறது, உள்ளே போவதில்லை. ஏற்கெனவே உள்ளே புகுந்த நோயை அது கொல்லாது, புகாமல் காக்க மட்டுமே செய்யும். பலமான ஒரு மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். புதிதாக விரிந்த இலையில் அது இருக்கவே இருக்காது. அதனால் மழைக்குமுன் அடித்து, மழை விட்டதும் மறுபடி அடித்து, மண் சேறாக இருக்கும்போதும் எப்படியாவது உள்ளே போய் அடித்தாக வேண்டும். 81 ஹெக்டேரில் ஓரிரு நாள் தவறினாலும் நோய் முந்திக்கொள்ளும். போந்தே கானேயில் அப்படித்தான் முந்திக்கொண்டது. ஊடுருவும் மருந்தை அடித்திருந்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம். 11 ஆண்டுகளுக்குமுன் பயந்த அதே மனிதர்தான் உரிமையாளர். இந்த முறை மருந்துக் கிடங்கு திறக்கப்படவில்லை. விளைச்சலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. மருந்தடித்த அக்கம்பக்கத் தோட்டங்களில் ஹெக்டேருக்கு 40 ஹெக்டோலிட்டர் அளவுக்குக் கிடைக்க, இங்கே கிடைத்தது சுமார் 10. அதாவது ஒரு ஹெக்டேருக்கு 1,000 லிட்டர், 1,300 பாட்டில் சொச்சம். அதே முறையைப் பின்பற்றிய மார்கோ ஊரின் ஷாத்தோ பால்மே தோட்டத்துக்கும் அந்த ஆண்டு இதே கதிதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. சான்று முத்திரை, எதைத் தெளிக்கவில்லை என்பதைச் சொல்கிறது. தெளிக்காமல் இருப்பதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதைச் சொல்வதில்லை. அந்த விலையைக் கொடுக்க முடிந்ததற்குக் குடும்ப உடைமையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். திராட்சைக் கொடியின் வயதை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். நட்ட கொடி மூன்றாம் நான்காம் ஆண்டில் காய்க்கும். ஆனால் பேர்சொல்லும் ஒயினுக்கு 30, 40 வயதான கொடிதான் வேண்டும் என்பார்கள். 50 வயதில் ஒருவர் நடும் வரிசையின் முழுப்பலனை அவர் பிள்ளைதான் காண்பார். அப்படிப்பட்ட பயிரில் ஓர் ஆண்டின் நட்டம் பெரிய நீளத்தில் ஒரு சிறு வெட்டுதான். ஆண்டுதோறும் பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டும் சம்பள மேலாளருக்கு, அதே நட்டம் வேலை போகும் அளவுக்குப் பெரியது. அவர் மருந்தைத் தேடிப் போவதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? தன் பெயர் பாட்டிலில் ஒட்டியிருக்கும் குடும்பத்துக்கு இன்னொன்றும் உண்டு: அந்தத் தோட்டத்துக் காற்றைச் சுவாசிப்பது அவர்கள் பேரப்பிள்ளைகள்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். குடும்பம் என்றாலே நல்லவர்கள் என்று எப்படிச் சொல்வது? 1960களிலும் 70களிலும் களைக்கொல்லியை ஆவலோடு வரவேற்றவர்களும் குடும்பங்கள்தானே? உண்மைதான். போர்டோவின் பெரும்பாலான தோட்டங்கள் அப்போதும் குடும்பச் சொத்துதான், இப்போதும் அப்படியே. இன்னொரு பக்கம், போயாக்கின் மகுடமான ஷாத்தோ லத்தூர் ஒரு பெருங்கோடீசுவரரின் முதலீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதுவும் 2018இல் இயற்கை வேளாண் சான்று பெற்றது. ஆகவே குடும்பம் என்ற சொல்லிலேயே மந்திரம் ஏதும் இல்லை. ஆனால் லத்தூரை ஊன்றிப் பார்த்தால் என் வாதத்துக்குத்தான் அது துணை வருகிறது. அங்கேயும் ஒரே முதலாளி. மூன்று மாதத்துக்கொருமுறை அவரிடம் லாபக் கணக்குக் கேட்பவர் யாரும் இல்லை. காத்திருக்கத் தெரிந்த பணம் என்று அதைச் சொல்லலாம். குடும்பத்திடம் அது இயல்பாக இருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன். அந்த வாய்ப்பை வீணடித்த குடும்பங்கள் ஏராளம்.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. அதை லேசாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. போந்தே கானே ஒரு பாட்டில் சுமார் 100 யூரோவுக்கு விற்கும் தோட்டம். கொன்யாக் வணிகத்தில் சேர்த்த பணம் பின்னால் இருக்கிறது. முந்தைய ஆண்டுகளின் ஒயின் நிலவறையில் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு போனாலும் அடுப்பு எரியும். அதே போர்டோவில் பெயரில்லாத மேட்டில் 10, 15 ஹெக்டேர் வைத்துக்கொண்டு, பாட்டிலுக்கு இரண்டு மூன்று யூரோ விலைக்கு மொத்த வியாபாரியிடம் விற்கும் குடும்பமும் இருக்கிறது. அதற்கு 2018 போன்ற ஓர் ஆண்டு வந்தால் வங்கிக் கடன். இரண்டு வந்தால் தோட்டம் போயிற்று. சிவப்பு ஒயினின் விற்பனை சரிந்ததால் 2023இல் போர்டோவில் 9,500 ஹெக்டேர் வரை கொடிகளை வேரோடு பிடுங்க அரசும் ஒயின் வாரியமும் திட்டம் போட்டன. பிடுங்குபவருக்கு ஹெக்டேருக்கு 6,000 யூரோ. தாத்தா நட்ட கொடியை அந்தப் பணத்துக்காகப் பிடுங்கிப்போட நின்றவர்களும் குடும்பங்கள்தான். அவர்களிடம் போய், மருந்தடிக்காதே, மண்ணை நேசி என்று சொல்ல யாருக்கு என்ன தகுதி இருக்கிறது?

இந்தக் கேள்வி என் வாதத்தை உடைக்கவில்லை. அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகிறது. இயற்கை வேளாண்மையை மனப்பக்குவத்தின் செய்தியாக மட்டும் பேசுவதுதான் தவறு. அது முதலில் நட்டத்தை யார் தாங்குவது என்ற கணக்கு. போந்தே கானேயில் அதைத் தாங்கியது குடும்பத்தின் செல்வம். அந்தச் செல்வம் இல்லாத வீட்டில் வேறு யாராவது தாங்க வேண்டும்: கெட்ட ஆண்டிலும் விலை குறைக்காமல் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம், செம்பு மருந்து மட்டும் அடிப்பவருக்கும் இழப்பீடு தரும் பயிர்க் காப்பீடு, அல்லது விளைச்சல் குறைந்த ஆண்டில் கூடுதல் விலை கொடுக்கத் துணியும் வாங்குபவர். பிரான்சில் இன்று திராட்சை நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் இயற்கை வேளாண்மையில் இருக்கிறது அல்லது அதற்கு மாறிக்கொண்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி போயாக்கின் மாளிகைத் தோட்டங்கள் அல்ல. மழை குறைந்த, காற்று உலர்ந்த தெற்குப் பகுதியின் தோட்டங்கள். அங்கே அடிச்சாம்பலின் பயம் குறைவு. நட்டத்தின் ஆபத்தும் குறைவு. ஆபத்து எங்கே குறைகிறதோ அங்கே இயற்கை வேளாண்மை தானாகப் பரவுகிறது. செல்வமும் வானிலையும் ஒரு சிலருக்கு இலவசமாகக் கொடுத்திருக்கும் அந்தக் காப்பை, மற்றவர்களுக்கு ஏற்பாடாகச் செய்து கொடுக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

மூன்றாவது மறுப்பு அறிவியல் பக்கத்திலிருந்து வருவது. போந்தே கானே செய்வது வெறும் இயற்கை வேளாண்மை அல்ல, பயோடைனமிக் முறை. 1924இல் ருடால்ஃப் ஸ்டெய்னர் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் பிறந்தது அது. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்து வைத்து, எடுத்துத் தண்ணீரில் கலக்கித் தெளிப்பார்கள். நிலவின் ஓட்டம் பார்த்து வேலை செய்வார்கள். கொம்பு சாண உரம் என்ற பெயரில் நம் இயற்கை விவசாயிகளுக்கும் இது பழக்கமானதுதான். இதில் எவ்வளவு உண்மை? கலிபோர்னியாவில் ஒரு மெர்லோ திராட்சைத் தோட்டத்தில் இதைப் பல ஆண்டு சோதித்து 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இயற்கை வேளாண்மை செய்யும் பாத்திகளில் பாதிக்குக் கொம்பு உரமும் மற்றத் தயாரிப்புகளும் சேர்த்தார்கள், பாதிக்குச் சேர்க்கவில்லை. மண்ணின் தரத்தில் வேறுபாடு தென்படவில்லை. மறுபக்கம், சுவிட்சர்லாந்தில் 1978இல் தொடங்கி 21 ஆண்டுக் கணக்கை 2002இல் வெளியிட்ட வயல்சோதனை, இயற்கை முறைகளில் விளைச்சல் 20 சதவீதம் குறைந்தாலும், உரச்செலவு அதைவிட மிகக் கூடுதலாகக் குறைந்ததையும் மண்ணில் உயிரினங்கள் பெருகியதையும் காட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இது: கொம்புக்குச் சான்று இல்லை, ரசாயனத்தை நிறுத்தி மட்கு உரம் போட்டதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் கொம்பை நம்புகிறவர் தினமும் தோட்டத்துக்குள் நடக்கிறார், கொடியை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அந்தக் கவனம் நல்ல விளைவைத் தருவதற்கு நிலவின் உதவி தேவையில்லை.

செம்பைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். இயற்கை வேளாண்மை என்ற பெயரில் அனுமதிக்கப்படும் செம்பு, மண்ணில் சிதைவதே இல்லை. 130 ஆண்டுக்கும் மேலாகத் தெளித்த போர்டோவின் பழைய தோட்டங்களில் அது சேர்ந்து கிடக்கிறது. அளவு மிஞ்சினால் மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் கேடு. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் மொத்தம் 28 கிலோ செம்புக்குமேல் கூடாது என்று கட்டியிருக்கிறது. ஆண்டுக்குச் சராசரி 4 கிலோ. ஈரமான ஆண்டில் அந்த 4 கிலோ சீக்கிரம் தீர்ந்துவிடும். செம்பை மாற்றாக வைத்துக்கொண்டு நிம்மதி அடைய முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நீண்ட கால வழி, நோயைத் தானே தாங்கும் திராட்சை வகைகள்தான். பிரான்சின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் காட்டுத் திராட்சைகளோடு கலந்து உருவாக்கிய அர்த்தபான், விடோக் போன்ற சிவப்பு வகைகள் 2018இல் பதிவு பெற்றன. அவற்றுக்கு மருந்துத் தெளிப்பு வழக்கத்தில் ஒரு சிறு பங்குதான் தேவைப்படுகிறது. ஆனால் போயாக் என்ற பெயரை ஒட்ட வேண்டுமானால் விதி அனுமதித்த பழைய வகைகளைத்தான் நட முடியும். கேபர்னேயின் பெயரை நம்பி விற்கும் ஊர், வேறு திராட்சையை ஏற்கத் தயங்குகிறது. இந்தத் தயக்கத்தைக் குடும்பத் தோட்டங்களே உடைக்க வேண்டும் என்பது என் விருப்பம். இன்று நட்டால் அவர்கள் பிள்ளைகளுக்குத்தான் பெயர் கிடைக்கும். அதற்காகக் காத்திருக்கக்கூடியவர்கள் என்று சொல்லித்தானே அவர்களை இவ்வளவு நேரம் பாராட்டினேன்.

மூன்றில் ஒரு பங்கு விளைந்த நிலம் எப்படி நீடித்த வேளாண்மை ஆகும், அதே ஒயினுக்கு மூன்று மடங்கு நிலம் வேண்டாமா என்று கேட்பதும் நியாயம். ஒரே ஆண்டை எடுத்தால் ஆகாது. ஆனால் 2018 வழக்கமல்ல, விதிவிலக்கு. நல்ல ஆண்டுகளில் இந்தத் தோட்டம் அக்கம்பக்கத்தைவிடப் பெரிதாகப் பின்தங்குவதில்லை. மேலும் திராட்சை பசியாற்றும் பயிர் அல்ல. நெல்லிலோ கோதுமையிலோ விளைச்சல் குறைந்தால் யாரோ ஒருவர் பட்டினி கிடப்பார். ஒயின் குறைந்தால் யாரும் பசித்திருக்கப் போவதில்லை. மருந்தைக் குறைத்து ஆபத்தைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த பயிர் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இப்படிச் சொல்லும்போது, ஒயின் என்பது மதுதானே என்ற கேள்வியும் எழும். எழ வேண்டும். குடியால் குலைந்த வீடுகளைத் தெருத்தெருவாகக் கண்ட நாட்டில், ஒயின் தோட்டத்தைப் புகழ்வது கூசும் காரியம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1988இலேயே வகைப்படுத்திவிட்டது. எந்த அளவு குடித்தாலும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது என்று 2023இல் அதே நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை அறிவித்தது. மருந்தடிக்காத திராட்சையில் செய்த ஒயினிலும் அதே எத்தனால்தான் இருக்கிறது. இயற்கை என்ற சொல் அதை நல்லதாக்கிவிடாது. அப்படி நம்பி யாரும் ஒரு வாய் கூடுதலாகக் குடிக்கவும் கூடாது. இந்தக் கட்டுரை குடிக்கச் சொல்வதற்காக எழுதப்படவில்லை. உலகில் பல லட்சம் ஹெக்டேரில் திராட்சை நிற்கிறது. அதில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், அதன் ஓரத்தில் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. குடியை ஒழிக்க நினைப்பவரும், அந்தத் தோட்டம் நிற்கும் நாள்வரை அதில் எது தெளிக்கப்படுகிறது என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

போந்தே கானேயின் கதையில் நமக்கு உதவுவது ஒயின் அல்ல, அந்த இரண்டு ஆண்டுகள்தான். கோம் 2020இல் அங்கிருந்து விலகினார். தோட்டம் தெசெரோன் குடும்பத்திடமே இருக்கிறது. பயோடைனமிக் முறை தொடர்கிறது. 2023இல் போர்டோ மறுபடி மழையில் நனைந்து, அடிச்சாம்பல் மாவட்டம் முழுக்கப் பரவியது. இனி அப்படிப்பட்ட ஆண்டுகள் அடிக்கடி வரும் என்றே அங்குள்ளவர்கள் எதிர்பார்க்கிறார்கள். நம் ஊரிலும் மழையின் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது; மருந்தில்லாமல் விளைவித்தது என்று சொல்லி விற்பவர்கள் சந்தையிலும் கடையிலும் பெருகியிருக்கிறார்கள். அவர்களில் மெய்யானவர்களும் உண்டு. அடுத்த முறை அப்படி ஒருவரிடம் வாங்கும்போது, சான்று இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். போன வருடம் மழை கெடுத்தபோது என்ன செய்தீர்கள், எவ்வளவு போயிற்று என்று கேளுங்கள். அவர் உண்மையைச் சொன்னால், அந்த ஆண்டு வெண்டைக்காய் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட இருந்தாலும் அவரிடமே வாங்குங்கள்.